செத்தல் மிளகாய்: ஒரு யாழ்ப்பாணக் கதை

ரொறன்ரோவில் வசிக்கும் எனது பள்ளித் தோழர் ஒருவர் கொழும்புக்கு வந்து திரும்பும் போதெல்லாம் தவறாமல் எடுத்துச் செல்லும் பொருள் ஒன்றுண்டு. வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள். கடந்த முறை வெள்ளவத்தையில் உள்ள அரைக்கும் ஆலைக்கு நானும் அவருடன் சென்றிருந்தேன். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாக நிறுத்து வாங்கிக்கொண்டே, "இது எங்கட பூட்டன் காலத்துக்கு முந்தின சாமான், மச்சான்" என்றார் அவர். பூட்டன் காலம் என்பது சரி. அதற்கும் வெகுகாலம் முந்தியது என்று சொன்னால் வரலாறு ஒப்புக்கொள்ளாது. அவருடைய சாக்கில் இருந்தவற்றுள் மிகவும் பிந்தி வந்தது, அவர் மிகவும் உரிமை கொண்டாடிய அந்த மிளகாய்தான்.

மிளகாயின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கு சென்றிறங்கும் வரை ஆசியாவில் எவரும் அதைக் கண்டதில்லை. மிளகைத் தேடிப் புறப்பட்ட அந்த மனிதர், காரமாக இருந்த ஒரு காயைக் கண்டு அதற்கும் மிளகின் பெயரையே சூட்டினார். 1498இல் கள்ளிக்கோட்டைக்கும் 1505இல் இலங்கைக்கும் வந்த போர்த்துக்கேயரின் கப்பல் வழிகளிலேயே மிளகாயும் நமது கரைகளை அடைந்தது. நம்மவர்களும் கொலம்பஸைப் போலவே பழைய சொல்லைக் கொண்டு புதிய பொருளுக்குப் பெயரிட்டார்கள். மிளகு போல் காரமான காய், மிளகாய். கிழக்கிலும் முஸ்லிம் மக்கள் மத்தியிலும் வழங்கும் 'கொச்சிக்காய்' என்ற பெயர், கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகின்றது.

சிங்கள மொழியில் நடந்தது இன்னும் சுவையானது. 'மிரிஸ்' என்பது முதலில் மிளகையே குறித்த சொல். மிளகாய் வந்ததும் அந்தப் பெயரை அது பறித்துக்கொண்டது. பெயரை இழந்த மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிளகு ஆயிற்று. வந்தேறி வீட்டுக்காரனாகி, வீட்டுக்காரன் நாட்டுப்புறத்தானாகிப் போன கதை!

மிளகாய்க்கு முந்திய நமது சமையல் முற்றாக மறைந்துவிடவில்லை. சங்க இலக்கியத்தில் 'கறி' என்றாலே மிளகுதான். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருட்களைப் பட்டினப்பாலை பட்டியலிடும்போது மிளகு மூடைகளையும் ஈழத்து உணவையும் சேர்த்தே சொல்கின்றது. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் சரக்குக் கறியை எண்ணிப் பாருங்கள். மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் அம்மியில் ஏறும். செத்தல் மிளகாய் மட்டும் ஏறாது. வைத்தியக் காரணம் சொல்வார்கள். போர்த்துக்கேயர் வருவதற்கு முந்திய குழம்பின் ருசி அந்தப் பத்தியச் சட்டியில்தான் தங்கியிருக்கின்றது என்பது எனது எண்ணம்.

உணவாக மிளகாய்க்கு உள்ள மதிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில் ஆய்வு நடத்திய அல்பேர்ட் சென்ட்-ஜியோர்ஜி, 1930களின் தொடக்கத்தில் விற்றமின் சியைப் பெருமளவில் பிரித்தெடுத்தது தோடம்பழத்திலிருந்து அல்ல, அவ்வூர் மிளகாயிலிருந்து. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எடைக்கு எடை பார்த்தால் பச்சை மிளகாயில் தோடம்பழத்தை விட இரண்டு மடங்குக்கும் அதிகமாக அந்த விற்றமின் உண்டு. ஆயினும் தோடம்பழம் தின்பது போல் எவரும் பச்சை மிளகாய் தின்பதில்லை. சம்பலில் சேரும் இரண்டு காய் பெரிய மருந்தாகிவிடாது. வெயிலில் காய்ந்து செத்தலாகும்போது அந்த விற்றமினின் பெரும்பகுதி போய்விடுகிறது. சிவப்பு நிறம் தரும் சத்துக்களே எஞ்சுகின்றன. காரம் விதையில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் சரியல்ல. விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறத் தசையில்தான் கப்சைசின் என்ற அந்தப் பொருள் உருவாகின்றது. அது நாவைச் சுடுவதில்லை. வெப்பத்தை உணரும் நரம்பைத் தட்டி எழுப்பி, சுட்டுவிட்டதாக மூளையை நம்பவைக்கிறது. இந்த ஏமாற்று வேலையைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அடுப்படியில் நின்ற நமது பெண்களுக்கு இது புதிய செய்தியல்ல. உறைப்பான கறிக்கு அவர்கள் தேங்காய்ப்பால் விட்டார்கள். மிளகாயைக் கீறி உப்பு மோரில் ஊறப்போட்டுக் காயவைத்தார்கள்.

இனி நான் நேரில் கண்ட வரலாற்றுக்கு வருகிறேன். 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகப் பல உணவுப் பொருட்களின் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. மிளகாயும் வெங்காயமும் அவற்றுள் அடங்கும். யாழ்ப்பாணத்துச் செம்மண் தறைகள் அதற்குப் பதில் சொல்லின. உரும்பிராய், நீர்வேலி, கோப்பாய், சுன்னாகம் என்று சைக்கிளில் போகும் வழியெல்லாம் மிளகாய்க் கன்றுகள். துலா மிதித்த கிணறுகளில் நீர் இறைக்கும் இயந்திரங்கள் உறுமின. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் படித்த வாலிபர் திட்டங்களில் காணி பெற்ற இளைஞர்கள், எழுதுவினைஞர் உத்தியோகத்துக்குக் காத்திராமல் மிளகாய் நட்டுக் காசு கண்டார்கள். நான் நிருபராகத் தொழில் பழகிய காலம் அது. முற்றங்களில் ஓலைப்பாய் விரித்துப் பழமிளகாய் காயப்போட்டிருப்பார்கள். தும்மாமல் எந்த விவசாயியையும் பேட்டி காண முடியாது. சுன்னாகம் சந்தைக்கு அருகே ஒரு கமக்காரர் தமது புதிய கல்வீட்டைக் காட்டி, "தம்பி, இது செத்தல் மிளகாய் கட்டின வீடு" என்று என்னிடம் சொன்னார்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுவோர் இன்றும் உண்டு. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது அவ்வளவு எளிதாக எழுத முடிவதில்லை. அதே இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உணவுத் தட்டுப்பாடும்தான் 1973, 1974 ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களைப் பட்டினியில் தள்ளின. காணித்துண்டு எதுவும் இல்லாத தொழிலாளர், கூப்பன் அரிசியும் மாவும் குறைந்தபோது கையேந்தி வீதிக்கு வந்தார்கள். தோட்டங்களில் மரண வீதம் உயர்ந்தது. சுன்னாகத்தில் கல்வீடு எழுந்த நாட்களில் ஹட்டனில் பிள்ளைகள் பசியோடு படுத்தார்கள். இரு சாராரும் தமிழர்கள்தாம். ஒரு சாராரின் செழிப்பைப் பற்றி எழுதிய எங்கள் பேனைகள் மறு சாராரின் பசியைப் பற்றி அதே அளவுக்கு எழுதவில்லை.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. ஜே.ஆர். ஜயவர்தனா அரசு திறந்த பொருளாதாரத்தைக் கொண்டு வந்தது. இறக்குமதிக் கதவுகள் திறந்ததும் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் மலிவாக வந்து இறங்கின. எண்ணெய், உரம், கூலி எல்லாம் ஏறிய நிலையில் வடக்கின் விவசாயி அந்த விலையோடு போட்டியிட முடியவில்லை. கல்வீட்டைக் காட்டிய அதே கமக்காரரை மீண்டும் சந்தித்தபோது அவருடைய தறையில் புகையிலை நின்றது. மிளகாய் மூடைகள் வீட்டுக்குள் அடுக்கியிருந்தன. விலை வரும் என்று வைத்திருந்தவற்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பூஞ்சணம் பிடித்த மிளகாயில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகும் என்பது அவருக்குத் தெரியாவிட்டாலும், அதை விற்க மனமில்லாமல் கிடங்கு வெட்டிப் புதைத்தார். அது குறித்து நான் அனுப்பிய நீண்ட கட்டுரை, நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையில் ஆறு வரிச் செய்தியாக வெளிவந்தது. அந்த வாரம் அரசியல்வாதிகளின் உரைகள் அதிகம்.

1971 முதல் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் இளைஞருக்குப் படிப்பின் கதவை அடைத்தது. 1977க்குப் பின் தோட்டத்தின் கதவும் பாதி மூடிக்கொண்டது. பின்னர் நடந்தவற்றை விளக்குவோர் முதலாவதைச் சொல்லும் அளவுக்கு இரண்டாவதைச் சொல்வதில்லை. அந்தப் பூஞ்சண மூடைகளைக் கண்ட எனக்கு அதை விட்டுவிட மனம் வரவில்லை.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடையில் எரிபொருளும் யூரியாவும் வடக்குக்குச் செல்வது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரங்கள் ஓய்ந்தன; சிலர் துலாவுக்குத் திரும்பினார்கள். 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது.

இதற்கிடையில் புலம்பெயர்ந்தவர்களின் அடுக்களைகளில் மிளகாய்த்தூள் பெரும் வணிகமாகிவிட்டது. 2003இல் ஐரோப்பாவில் மிளகாய்த்தூளில் சூடான் எனப்படும் தொழிற்சாலைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டதும், 2005இல் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டதும் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். கண்ணைப் பறிக்கும் சிவப்பைக் கண்டு நான் இன்றும் ஐயப்படுவது அதனால்தான். 

வெள்ளவத்தை ஆலையில் எங்கள் முறை வந்தது. மிளகாயைக் கொட்டுவதற்காகப் பையன் சாக்கைத் தூக்கியபோது அதன் மேலிருந்த எழுத்துக்கள் நண்பரின் கண்ணில் பட்டன. இலங்கை உண்ணும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் வருகிறது. இந்தச் சாக்கும் அப்படி வந்ததே. "அப்ப ஊர் மிளகாய் இல்லையோ?" என்று அவர் கேட்டார். கறிவேப்பிலை மட்டும் ஊரிலிருந்து வந்தது என்றான் பையன். நண்பர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, இன்னும் இரண்டு கிலோ சேர்த்து அரைக்கச் சொன்னார்.