பல் எக்ஸ்ரே: எண்ணூர்க் கரையோரத்தை முன்வைத்து

வாயைத் திறந்து பார்த்தாலும் கண்ணுக்குப் படாத இடங்களைக் காட்டும் சோதனை பல் எக்ஸ்ரே. இரண்டு பற்கள் நெருங்கி நிற்கும் இடுக்கு, வேரின் நுனி, ஈறு மூடியிருக்கும் எலும்பு, வெளிவராமல் சாய்ந்து கிடக்கும் ஞானப்பல் ஆகியவை அதில் தெரியும். பல்லின் மேற்பூச்சான எனாமல் உடம்பிலேயே தாது மிகுந்த பகுதி. கதிரை அதிகம் தடுப்பதால் படத்தில் வெள்ளையாக விழும். நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள நடுக்கூழ், சொத்தை அரித்த குழி, சீழ் கட்டிக் கரைந்த எலும்பு ஆகியவை கருமையாகத் தெரியும். வட சென்னையின் எண்ணூரில், கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம் போன்ற மீனவக் குடியிருப்புகளில் இந்தச் சோதனையைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் எழுவது கதிர்வீச்சு பற்றிய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கிடைக்கும் சான்றுகளை எடைபோட்டால், அங்கே படம் எடுப்பதால் நேரக்கூடிய கேட்டைவிட, எடுக்கத் தாமதிப்பதால் நேரும் கேடு மிகப் பெரிது.

அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1895 நவம்பரில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்க்ஹாஃப் தன் பற்களைப் படமெடுத்தார். அதற்கு 25 நிமிடம் கதிருக்கு முன் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்த எட்மண்ட் கெல்ஸ், கதிரின் தரத்தைச் சோதிக்கத் தன் கையையே குழாய்க்கு முன் நீட்டிப் பழகியவர். புற்று பிடித்து விரல்களையும் பிறகு கையையும் இழந்தார், 1928இல் இறந்தார். பாஸ்டன் பல் மருத்துவர் வில்லியம் ரோலின்ஸ் 1901லேயே, கதிர் பட்ட கினிப் பன்றிகள் சாவதைக் காட்டி, குழாயைச் சுற்றி ஈயம் வேண்டும், தேவையான இடத்தில் மட்டுமே கதிர் விழ வேண்டும் என்று எழுதினார். அப்போது அதைக் கேட்டவர்கள் குறைவு. இன்றைய கருவிகள் ஏறத்தாழ ரோலின்ஸ் கேட்ட வடிவில்தான் இருக்கின்றன. கதிர் பாயும் நேரமும் ஒரு நொடியில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது.

இப்போதைய அளவைப் பார்ப்போம். இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் சுமார் 2.4 மில்லிசீவர்ட், ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மைக்ரோசீவர்ட். ஒற்றைப் பல்லுக்கு எடுக்கும் சிறு படத்தின் அளவு பெரும்பாலும் ஐந்து மைக்ரோசீவர்ட்டை ஒட்டியது, அதாவது ஒரு நாள் இயற்கை அளவுகூட இல்லை. தாடை முழுவதையும் ஒரே படமாக்கும் ஓ.பி.ஜி. இரண்டு முதல் நான்கு நாள் அளவுக்குச் சமம். ‘ஆலைப் புகை, சாம்பல் கழிவு, 2023 டிசம்பரில் ஆற்றில் கலந்த எண்ணெய், அதே மாதம் அம்மோனியா கசிவு, இத்தனையும் பட்ட ஊருக்கு இன்னும் ஒரு சுமையா?’ என்று எண்ணூர்வாசி கேட்டால் அந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கேடுகள் கேட்காமல் வந்து மூச்சிலும் மீனிலும் கலந்தவை. எக்ஸ்ரே ஒரு நோயாளிக்கு, ஒரு காரணத்துக்காக, எடுக்கும் அளவு தெரிந்து எடுக்கப்படுவது. முன்னதன் பாரத்தைக் காட்டிப் பின்னதை மறுத்தால், இழப்பு அதே மக்களுக்குத்தான்.

அந்த இழப்பு எப்படிப்பட்டது என்பதை விரிவாகப் பார்க்க வேண்டும். உழைக்கும் மக்கள் குடியிருப்புகள் பலவற்றில் பல்வலிக்குக் கிராம்பு, பிறகு மருந்துக்கடை மாத்திரை, கடைசியில் பிடுங்குவது என்பதே வரிசை. இடுக்கில் தொடங்கிய சொத்தை சிறிதாக இருக்கும்போதே படத்தில் பட்டிருந்தால் அடைத்தே தீர்த்திருக்கலாம். நடுக்கூழை எட்டியபின் வேர் சிகிச்சை வேண்டும். அதையும் கடந்தால் பல்லே போய்விடும். இதைவிடக் கடுமையானது மாவா. பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கிய இந்தப் பொட்டலமும் குட்காவும் தமிழ்நாட்டில் 2013இல் தடை செய்யப்பட்டன. பழக்கம் அதோடு நின்றுவிடவில்லை. பாக்கு மெல்லுவதால் கன்னத்தின் உட்சதை நார் கட்டி இறுகும். வாய் திறப்பது வரவரக் குறைந்து, இரண்டு விரல்கூட நுழையாத நிலை வரும். அந்த வாய்க்குள் சென்சாரையோ ஃபிலிமையோ கடைவாய் வரை கொண்டுபோக முடியாது. அடிவாயில் விளிம்பு குத்தும், நோயாளி தலையைப் பின்னுக்கு இழுப்பார், படம் கெடும். இவர்களுக்குத் தேவை, வாய்க்கு வெளியே முகத்தைச் சுற்றிவந்து எடுக்கும் ஓ.பி.ஜி. ஈற்றுப் புற்று தாடை எலும்பை அரித்திருக்கிறதா என்பதற்கான முதல் தடயமும் அதில் கிடைக்கும். புற்று உண்டா என்பதைச் சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். எலும்பில் எதுவும் தெரியாத படத்தை நம்பி ஆறாத புண்ணை விட்டுவிடுவது ஆபத்து.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு: தனியார் கிளினிக்குகளில் தேவையில்லாமல் படம் எடுத்துக் காசு பார்க்க மாட்டார்களா? அதற்கு இடம் உண்டு. பல்லைப் பார்ப்பதற்கு முன்பே எடுக்கும் படம், யார் எடுத்தாலும், தவறு. முப்பரிமாணப் படமெடுக்கும் சி.பி.சி.டி. கருவியில் அளவு பல மடங்கு ஏறலாம். சாதாரணச் சொத்தைக்கு அது வேண்டாம். எக்ஸ்ரேக்கு எல்லையும் இருக்கிறது. எலும்பின் தாது முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை கரைந்த பின்னரே கருமை தெளிவாக விழும் என்பதால், ஆரம்ப நோயைப் படம் தவறவிடும். ஆகவே மருத்துவரின் கண்ணும் விரலும் கேள்வியை எழுப்ப வேண்டும், படம் அதற்கு விடை சொல்ல வேண்டும். இந்தியாவில் எக்ஸ்ரே கருவி வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி கட்டாயம். அதைக் காட்டச் சொல்லிக் கேட்க நோயாளிக்குக் கூச்சம் வேண்டியதில்லை. எடுத்த படத்தை வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த இடத்தில் மறுபடி எடுப்பது குறையும்.

கர்ப்பிணிகள் பிரசவம் வரை பல்வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கதிர் முகத்தை நோக்கியே பாய்கிறது. கருவை எட்டும் அளவு மிக மிகச் சொற்பம், சீழ் பிடித்த பல்லைத் தேக்கி வைப்பதுதான் தாய்க்குக் கேடு. குழந்தைகளின் உடல் கதிருக்கு எளிதில் பாதிக்கப்படும் என்பதால் அவர்களுக்கு அளவைக் குறைத்து வைக்க வேண்டும். கழுத்துக்கும் வயிற்றுக்கும் ஈயக் கவசம் வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் பரிந்துரைத்தது, ஓ.பி.ஜி.யில் கழுத்துப் பட்டை படத்தையே மறைத்து, மறுமுறை எடுக்க வைத்துவிடும்.

தூரம்தான் மிச்சமுள்ள தடை. நெட்டுக்குப்பத்திலிருந்து ராயபுரம் பக்கத்து ஸ்டான்லி மருத்துவமனைக்குச் சாலை வழியே 15 கிலோமீட்டருக்கு மேல். 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு எண்ணூரில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை நிலையம் தாண்டிக் கோட்டை வரை போக வேண்டும். கடலுக்குப் போகிறவருக்கும் மீன் விற்கிறவருக்கும் அது ஒரு நாள் கூலி. ஒற்றைப் பல் எக்ஸ்ரே கருவி சுவரில் மாட்டும் அளவே உள்ளது. அதற்குத் தனிக் கட்டடம் வேண்டாம். மாவட்ட மருத்துவமனை மட்டத்திலும் அதற்குக் கீழும் பல் பிரிவுகளை வலுப்படுத்த மத்திய அரசு 2014இல் தொடங்கிய தேசிய வாய்நலத் திட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. எண்ணூர், கத்திவாக்கம் பகுதிப் பொது மருத்துவமனைகளில் பல் மருத்துவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இந்தக் கருவி இருக்க வேண்டும். வாய் திறக்க முடியாதவர்களை ஓ.பி.ஜி.க்கு அனுப்பும் சீட்டும் அங்கேயே எழுதித் தரப்பட வேண்டும்.