கடலோர மக்களும் மீனவர் சங்கங்களும்

புனித சவேரியார் 1544-இல் திருவிதாங்கூர்க் கரையில் நம் முன்னோருக்குத் திருமுழுக்கு அளித்தார். கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் உருவாயிற்று. ஆலயங்கள் உயர்ந்தன. கடனோ தீரவில்லை. மரத்துக்கும் வலைக்கும் முன்பணம் தந்த வியாபாரியே மீனுக்கும் விலை சொன்னார். உழைப்பு நமது, விலை அவரது!

இந்நிலையை மாற்ற முனைந்தவை 1970-களில் நம் கடற்கரையில் வளர்ந்த மீனவர் சங்கங்களே. கரையிலேயே சங்கத்தின் ஏலம். விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கு, சிறு பங்கு சேமிப்புக்கு. கட்டுமரத்துக்கேற்ற மரம் அரிதாகி வந்த அக்காலத்தில், முட்டம் படகுத் தளத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியேர் ஜில்லே ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். 1980-இல் சங்கங்களின் கூட்டமைப்பும் பிறந்தது.

ஒன்று சொல்லாமல் இருப்பதற்கில்லை. அன்று உறுப்பினரானோர் பெரும்பாலும் கடலுக்குச் சென்ற ஆண்களே; கூடை சுமந்து ஊர் ஊராய் மீன் விற்ற நம் தாய்மார் அல்லர்.