ஆய்வு நல்கை: இந்திய அறிவியலில் உதவித்தொகை, விருது, வேலை

அறிவியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்பவருக்கும், பட்டம் பெற்றபின் ஆய்வைத் தொடர்பவருக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு மாதந்தோறும் வழங்கப்படும் தொகை ஆய்வு நல்கை எனப்படுகிறது. ஆய்வுக்கூடங்களில் ஃபெலோஷிப் என்றும் ஸ்டைபண்ட் என்றும் சொல்வார்கள். பள்ளி, கல்லூரி மாணவர்களின் கட்டணச் சுமையைக் குறைக்கத் தரப்படும் உதவித்தொகையிலிருந்து இது வேறுபட்டது. நல்கை பெறுபவர் ஆய்வுக்கூடத்தில் முழுநேரம் உழைப்பவர். கருவியை இயக்குவதும், அளவெடுப்பதும், இளையவர்களுக்குக் கற்றுத்தருவதும் பெரும்பாலும் அவர்தான். எனவே நல்கையை உழைப்புக்கான ஊதியமாகக் கருதுவதே முறை. அப்படிக் கருதப்படாததால் விளைந்த துன்பங்கள் இந்திய ஆய்வுலகில் ஏராளம்.

தொடக்க காலம்

ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892இல் நிறுவிய அறக்கட்டளை, இந்தியர்கள் வெளிநாடு சென்று மேற்படிப்புப் படிக்கப் பணம் தந்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று. ஆனால் உள்நாட்டில் ஒருவர் ஆய்வு மட்டுமே செய்து வாழ நல்கை என்ன செய்யும் என்பதற்குச் சென்னையில் நடந்ததைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த சீனிவாச ராமானுஜன், கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் அந்தத் தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. சில காலம் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். அதையே நம்பியிருக்க மனம் ஒப்பாத ராமானுஜன், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் ஆனார். மறு ஆண்டு, கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவரும் இந்திய வானிலைத் துறையின் தலைவருமான கில்பர்ட் வாக்கர், ராமானுஜனின் கணக்கைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கப் பல்கலைக்கழகம் முன்வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை.

பட்டமே இல்லாத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் நல்கை தந்தது வழக்கத்தை மீறிய முடிவு. அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்து அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. அதில் 50 பவுண்டு ஊரிலிருந்த குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆய்வாளருக்குக் குடும்பம் உண்டு, அந்தக் குடும்பமும் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் 1914லேயே இருந்திருக்கிறது. விதிகளை வளைக்கத் தெரிந்த ஒரு பல்கலைக்கழகமும், தேர்வு மதிப்பெண்ணைத் தாண்டிப் பார்க்கத் தெரிந்த ஒரு பரிந்துரையாளரும் சேர்ந்து செய்த காரியம் இது.

சென்னையில் படித்த மற்ற சிலரின் வாழ்க்கையையும் இத்தகைய நல்கைகள் திருப்பிவிட்டன. சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் இந்திய அரசின் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அதே கல்லூரியில் படித்த அன்னா மணி, பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தபின், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டவர். 1945இல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைக் கற்றுத் திரும்பி, இந்தியாவிலேயே அவற்றைத் தயாரிக்க வழிசெய்தார். பட்டம் மறுத்த விதியைவிட அந்த உதவித்தொகை தொலைநோக்குடையதாக இருந்தது.

நெட் தேர்வும் ஜே.ஆர்.எஃப்.பும்

அறிவியல், தொழிலக ஆய்வுக் கழகம் (சி.எஸ்.ஐ.ஆர்.) 1942 செப்டம்பர் 26 அன்று தொடங்கப்பட்டது. இன்று அறிவியல் பாடங்களில் இளநிலை ஆய்வு நல்கைக்கான, அதாவது ஜே.ஆர்.எஃப்.புக்கான, தேசியத் தகுதித் தேர்வு இந்தக் கழகமும் பல்கலைக்கழக மானியக் குழுவும் இணைந்து நடத்தும் நெட் தேர்வு. வேதியியல், இயற்பியல், கணிதம், உயிர் அறிவியல், புவி–வளிமண்டல–கடல்–கோள் அறிவியல் என்று ஐந்து பிரிவுகள். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உண்டு. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவந்தவர் பாடத்தோடு மொழியையும் சேர்த்தே கடக்க வேண்டியிருக்கிறது.

தேர்வில் உச்சத்தில் வருபவர்களுக்கே ஜே.ஆர்.எஃப். கிடைக்கும். அடுத்த நிலையில் வருபவர்கள் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறுவார்கள், நல்கை வராது. மாநில அளவிலான செட் தேர்வும் அந்தப் பணித்தகுதியை மட்டுமே தருவது. ஜே.ஆர்.எஃப். பெற்றவர் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தத் தொகையையும், பின்னர் ஒரு குழு அவருடைய வேலையை மதிப்பிட்டு ஏற்றுக்கொண்டால் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு முதுநிலை நல்கையையும் பெறலாம். ஊரின் வகையைப் பொறுத்து வீட்டு வாடகைப் படி தனி. ஆய்வுச் செலவுக்கு ஆண்டுதோறும் சிறு தொகை பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

தேர்வை நடத்தும் பொறுப்பு தேசியத் தேர்வு முகமையிடம் வந்தபின் நம்பிக்கை பலமுறை ஆட்டம் கண்டது. மானியக் குழுவின் நெட் தேர்வு 2024 ஜூன் 18 அன்று நடந்து, மறுநாளே ரத்துசெய்யப்பட்டது. அதே மாதம் 25 முதல் நடக்கவிருந்த அறிவியல் நெட் தேர்வு கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டு ஜூலையில் நடந்தது. நல்கைக்கு வயது வரம்பு உள்ள நாட்டில் தேர்வு தள்ளிப்போவது வெறும் நிர்வாகச் சிக்கலாக முடிவதில்லை; சிலருக்கு வாய்ப்பே போய்விடும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இந்த வரம்பில் தளர்வு உண்டு.

தொகையும் தாமதமும்

ஜே.ஆர்.எஃப். தொகை 2014இல் 16,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனது. 2018இன் பிற்பாதியில் நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் உயர்வு கேட்டுப் போராடினார்கள். 2019 ஜனவரி இறுதியில் தொகை 31,000 ஆக உயர்ந்தது. முதுநிலை நல்கை 35,000 ஆனது. 2023 முதல் இவை முறையே 37,000, 42,000. ஒவ்வோர் உயர்வுக்கும் இடையே நாலைந்து ஆண்டுகள். அரசு ஊழியர்களின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை தானாகவே திருத்தப்படுகிறது. ஆய்வு மாணவருக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லாததால், உயர்வைக் கேட்டு ஒவ்வொரு முறையும் தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது. அகவிலைப்படியுடன் நல்கையை இணைத்துவிட்டால் இந்தப் பாடு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தொகையைவிடப் பெரிய குறை தாமதம். பல திட்டங்களில் பணம் மாதக்கணக்கில் நின்று, பிறகு மொத்தமாக வருவது ஆய்வு மாணவர்கள் நன்கறிந்த அனுபவம். வருகைச் சான்று, நெறியாளர் கையொப்பம், பல்கலைக்கழக ஒப்புதல், நிதி விடுவிப்பு என்று கோப்பு பல மேசைகளைக் கடந்தாக வேண்டும். எந்த மேசையில் நின்றாலும் அந்த மாத வாடகை கடனாகிவிடும். வீட்டில் வசதி உள்ளவர் இதைத் தாங்கிக்கொள்வார். முதல் தலைமுறைப் பட்டதாரி விட்டுவிட்டு ஒரு தனியார் வேலைக்குப் போய்விடுவார். அவர் விட்டுப்போனது எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஒரே ஆய்வுக்கூடத்தில் அருகருகே நிற்பவர்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு கடுமையானது. நெட் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்கு மாதம் 8,000 ரூபாய். இந்தத் தொகை 2012க்குப் பிறகு உயரவில்லை. இதையும் நிறுத்த 2015 அக்டோபரில் மானியக் குழு முடிவெடுத்தபோது, டெல்லியில் அதன் அலுவலகத்தை முற்றுகையிட்டு மாணவர்கள் பல நாள் போராடினார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களில் பலருக்கு 8,000கூட இல்லை. மறுமுனையில், 2018இல் தொடங்கிய பிரதமரின் ஆய்வு நல்கை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டில் 75,000, கடைசி இரண்டு ஆண்டுகளில் 80,000 என்று வகுக்கப்பட்டது. ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் தனி. ஐ.ஐ.டி., ஐசர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களுக்கே அது. திறமைக்கு நல்ல ஊதியம் தருவது சரிதான். ஆனால் 80,000க்கும் 8,000க்கும் இடையிலான பள்ளம் திறமையால் மட்டும் விளைந்ததல்ல. எந்த வாசலில் நுழைய முடிந்தது என்பதே அதில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

இடையில் உள்ள வழிகளில் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் திட்டம் (2008) முக்கியமானது. முதுகலையில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றவர்கள் நெட் எழுதாமலே இதற்கு விண்ணப்பிக்கலாம். சிறிய பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்கு இது பெரிய வரம். பட்டியல் இன மாணவர்களுக்கான தேசிய நல்கை 2005–06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது. அதே பிரிவினர் வெளிநாட்டில் படிப்பதற்கான தேசியத் திட்டம் 1954–55 முதல் இருந்துவருகிறது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் நல்கை, மற்ற திட்டங்கள் தருவதையே இதுவும் தருகிறது என்ற காரணம் சொல்லி 2022–23 முதல் நிறுத்தப்பட்டது. ஒரு பிரிவினர் ஆய்வுக்குள் வரத் தொடங்கிய நேரத்தில் கதவைச் சாத்தியது தவறான முடிவு.

விருதுகள்

இந்திய அறிவியலாளர்கள் நெடுங்காலம் பெருமதிப்போடு பார்த்தது சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு. சி.எஸ்.ஐ.ஆர்.இன் முதல் தலைமை இயக்குநர் பெயரில் அமைந்த இதை 1958இல் முதலில் பெற்றவர் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன். 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் ரொக்கத்துடன் வழங்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்குத் தரப்பட்ட இந்தப் பரிசில் பெண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 20தான். தகுதியுள்ள பெண்கள் இல்லை என்பதால் நேர்ந்ததல்ல இது. 30 முதல் 45 வயது வரையிலான காலத்தில்தான் பிள்ளைப்பேறும் குடும்பப் பொறுப்பும் பெண்ணின் ஆய்வை இடைநிறுத்துகின்றன. வயது வரம்பு அந்த ஆண்டுகளைக் கழித்துப் பார்ப்பதில்லை.

2022 செப்டம்பரில் வழக்கம்போல் அறிவிக்கப்பட வேண்டிய பட்நாகர் பரிசு அறிவிக்கப்படவில்லை. துறைகள் வழங்கிவந்த பற்பல விருதுகளைக் குறைத்து, 2023இல் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் என்ற ஒரே குடையின் கீழ் நான்கு வகை விருதுகளை அரசு ஏற்படுத்தியது. பட்நாகர் பெயர் இளம் அறிவியலாளர் பிரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் முதல் முறை வழங்கப்பட்டபோது, உயரிய விஞ்ஞான் ரத்னாவைப் பெற்றவர் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த உயிர்வேதியியலாளர் ஜி. பத்மநாபன். சந்திரயான்–3 குழுவுக்கு அணி விருது கிடைத்தது. இந்த விருதுகளில் ரொக்கம் கிடையாது. பதக்கமும் சான்றுமே உண்டு. தனியார் பக்கம், இன்ஃபோசிஸ் பரிசு 1 லட்சம் டாலர் தருகிறது. 2024 முதல் அது 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே.

பட்டத்துக்குப் பின்

முனைவர் பட்டம் பெற்றவரின் முன்னுள்ள அடுத்த படி போஸ்ட் டாக் எனப்படும் பிந்தைய ஆய்வு. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் உதவிப் பேராசிரியர் பணிக்கு மூன்றாண்டுப் பிந்தைய அனுபவம் கேட்பது வழக்கம் என்பதால் இது பலருக்கும் கட்டாயமாகிவிட்டது. ஜெர்மனியின் ஹும்போல்ட், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி, அமெரிக்காவுக்குச் செல்ல ஃபுல்பிரைட்–நேரு ஆகிய நல்கைகளை இந்தியர்கள் அதிகம் நாடுகிறார்கள். ஹும்போல்ட்டுக்குக் குறிப்பிட்ட கடைசித் தேதி இல்லை. ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தின் உயிர்நாடி, அங்கே ஏற்றுக்கொள்ளும் பேராசிரியருடன் முன்கூட்டியே எழுதிப் பேசி உருவாக்கிய ஆய்வுத் திட்டம்.

சென்றவர்களைத் திரும்ப அழைக்கவும் திட்டங்கள் உண்டு. வெளிநாட்டில் பணிபுரியும் 40 வயதுக்கு உட்பட்ட இந்தியர்களுக்கான ராமானுஜன் நல்கை மாதம் 1,35,000 ரூபாயும் ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு மானியமும் ஐந்து ஆண்டுகளுக்குத் தருவது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசாமி நல்கையும், இன்ஸ்பயர் ஆசிரிய நல்கையும் இதே வகை. இவற்றில் ஒரு பொதுக் குறை உண்டு: ஐந்தாண்டு முடிந்தபின் வேலை உறுதி கிடையாது. நல்கையைத் தருவது ஓர் அரசுத் துறை. வேலையைத் தர வேண்டியது வேறொரு நிறுவனம். நல்கையாளர் சேர்ந்த இடத்தில் காலியிடம் விளம்பரமாகவில்லை என்றால், ஆய்வுக்கூடத்தையும் மாணவர்களையும் விட்டுவிட்டு நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடி விண்ணப்பம் போட வேண்டும்.

பயிற்சியையும் வேலையையும் சேர்த்தே தரும் வழி ஒன்று இந்தியாவில் உண்டு. 1957இல் ஹோமி பாபா தொடங்கிய அணுசக்திப் பயிற்சிப் பள்ளி, முதுகலை அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்றவர்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு உதவித்தொகையுடன் பயிற்றுவித்து, தேறியவர்களை அறிவியல் அலுவலர்களாக அமர்த்துகிறது. கல்பாக்கம் மையத்திலும் இந்தப் பயிற்சி நடக்கிறது. மற்றபடி சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள், இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. ஆகியவை தனித்தனியே ஆளெடுக்கின்றன. பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று வரவிருந்த விதி, 2023 ஜூலை முதல் கைவிடப்பட்டு, நெட் அல்லது செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதியாக நிலைத்தது.

இடையில் ஆய்வை விட்ட பெண்கள் திரும்பிவர அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002–03இல் பெண் அறிவியலாளர் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது அது வைஸ்–கிரண் என்ற பெயரில் தொடர்கிறது. வேலையில் இல்லாதவர்களும், பல ஆண்டு இடைவெளி உள்ளவர்களும் தங்கள் பெயரிலேயே ஆய்வுத் திட்டம் எழுதி நல்கை பெறலாம் என்பது இதன் சிறப்பு.