டெண்டரில் இல்லாத கண்மாய்

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் கண்மாயை நம்பிப் பிழைக்கும் ஒரு சின்ன கிராமம். சென்னையில் கோட் எழுதும் எனக்கு ஊரோடு மிஞ்சியிருக்கும் தொடர்பு பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுதான். போன வருடம் அதில் ஒரு சண்டை. "பதினஞ்சு வருசமா நம்ம கண்மாய்ல எவனும் ஒரு கூடை மண்ணு அள்ளல" என்று ஒருவர் ஆரம்பித்தார். "வந்த பணத்தைத் தின்னுட்டாங்க" என்றார் அடுத்தவர். யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். முன்பு ஊராட்சித் தலைவராக இருந்தவர், எனக்கு மாமா முறை.

நான் நடுவில் புகுந்தேன். "டெண்டர் எல்லாம் ஆன்லைன்ல இருக்கு. தேடிப் பாத்துட்டுச் சொல்றேன்."

இரண்டு ராத்திரி தேடினேன். தலைப்பில் உள்ள சொல், துறை, டெண்டர் எண், தேதி என்று பல வழிகளில் தேடலாம். டெண்டர் எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: முதலில் வருடம், அடுத்து துறையின் சுருக்கக் குறி, பிறகு வரிசை எண். ஒவ்வொரு முறையும் கேப்சா போட வேண்டும், அவ்வளவுதான். ஊர்ப் பெயரை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை குழுவில் எழுதினேன்: "தேடிவிட்டேன். நம் கண்மாய்க்கு ஒரு டெண்டர்கூட விடப்படவில்லை. ஆகவே எந்த வேலையும் நடக்கவில்லை."

அந்த "ஆகவே" தப்பு. எப்படித் தப்பு என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன், இந்த அறிவிப்புகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மத்திய அரசின் கொள்முதல் அறிவிப்புகளுக்கு நெடுங்காலம் இருந்த இடம், கொல்கத்தாவிலிருந்து வந்த இந்தியன் டிரேட் ஜர்னல் என்ற வாரப் பத்திரிகை. 2005-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில்கூட, ரூ.25 லட்சத்துக்கு மேற்பட்ட கொள்முதல் என்றால் அந்த ஜர்னலிலும் ஒரு தேசிய நாளிதழிலும் விளம்பரம் தர வேண்டும் என்றுதான் இருந்தது. மத்திய கொள்முதல் தளத்தில் அமைச்சகங்கள் அறிவிப்புகளை ஏற்றுவது 2012 ஜனவரியில் கட்டாயமானது. 2017-இல் விதிகளைத் திருத்தியபோது ஜர்னல் இருந்த இடத்துக்கு இணையதளம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் சட்டம் இதற்கு முன்பே வந்துவிட்டது. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டு, 2000 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மாநில அளவில் ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என டெண்டர் புல்லட்டின் வெளியிட வேண்டும் என்றது. விண்ணப்பிக்கக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச அவகாசத்தையும் விதிகள் வரையறுத்தன: ரூ.2 கோடி வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள். குறைப்பதாக இருந்தால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். இது தேடுபவருக்கு நல்ல பிடி. அறிவிப்புத் தேதியையும் கடைசித் தேதியையும் கழித்துப் பார்த்தாலே, எங்கே கேள்வி கேட்கலாம் என்று தெரிந்துவிடும்.

ஆக, அறிவிப்பு ஏன் இருக்கிறது? ஒப்பந்ததாரர்களைப் போட்டிக்குக் கூப்பிட. வரலாற்று ஆவணமாக இருக்க வேண்டும் என்று யாரும் அதை உருவாக்கவில்லை. எங்கே போட்டிக்குக் கூப்பிடும் தேவை இல்லையோ, அங்கே அறிவிப்பும் இல்லை. இது எனக்கு மண்டையில் ஏறவில்லை.

ஏற்றியது எங்கள் பெரியம்மா. குழுவில் அவருடைய பேரன் போனிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ஏண்டா, வேலை நடக்கலங்குற? அந்தக் கரையில மண்ணு சொமந்தது நாந்தாண்டா. நூறு நாள் வேலையில மூணு வருசம் சொமந்தேன். ஒன் கம்ப்யூட்டர்ல நான் இல்லையா?"

இல்லை. இருக்கவும் முடியாது. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நடக்கும் வேலைகளில் ஒப்பந்ததாரருக்கு இடமில்லை, சட்டமே தடுக்கிறது. ஒப்பந்ததாரர் இல்லையென்றால் டெண்டர் ஏது? 2006 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதல் கட்டமாக எடுத்துக்கொண்ட ஆறு மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. அதாவது, எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தூர்வாரியதில் பெரும் பங்கு நான் தேடிய டேட்டாபேஸுக்கு வெளியே நடந்திருக்கலாம். அதற்கான பதிவு அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில், வேலை எண்ணாகவும் மஸ்டர் ரோலாகவும் கிடக்கிறது.

குடிமராமத்தும் அப்படித்தான். 2017 மார்ச்சில் அரசு ரூ.100 கோடியில் 1,519 பணிகளை எடுத்தபோது, அவற்றைப் பாசன விவசாயிகளின் சங்கங்களிடமே ஒப்படைத்தது. பொது டெண்டர் கிடையாது. இது சரியா தப்பா என்பது வேறு விவாதம். இந்தப் பெயரும் புதிதல்ல. ஊராரே சேர்ந்து செய்யும் இந்த மராமத்துக்கு ஆள் வராமல் போனால் கட்டாயப்படுத்தலாம் என்று சென்னை மாகாணத்தில் 1858-லேயே சட்டம் போட்டார்கள். ஊரார் கூடிக் கரையைக் கட்டிய காலத்திலும் அந்த உழைப்பு ஒப்பந்தக் கணக்கில் ஏறியிருக்காது.

மூன்றாவது ஓட்டை என்னுடையது: எழுத்து. கண்மாய் என்ற சொல்லை ஆங்கிலத்தில் கண்மாய், கன்மாய், கண்மோய் என்று எப்படி வேண்டுமானாலும் எழுதுவார்கள். சிலர் "டேங்க்" என்று முடித்துவிடுவார்கள். ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து கூடும், குறையும். இதைவிடப் பெரிய சிக்கல், பல கண்மாய்களை ஒரே பேக்கேஜாகக் கட்டி டெண்டர் விடுவது. உலக வங்கிக் கடனில் 2007-இல் தொடங்கிய நீர்நிலைச் சீரமைப்புத் திட்டத்தில் வேலைகளை ஆற்று உபவடிநிலம் வாரியாகப் பிரித்திருந்தார்கள். எந்த உபவடிநிலத்தில் உங்கள் ஊர் இருக்கிறது என்று தெரியாமல் ஊர்ப் பெயரை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால், பக்கத்திலேயே இருக்கும் அறிவிப்பு கண்ணில் படாது.

பெரியம்மாவின் குரலைக் கேட்ட பிறகு மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, பக்கத்துப் பெரிய கண்மாய்களின் பெயர்களைப் போட்டேன். ஒரு பேக்கேஜ் கிடைத்தது. தலைப்பில் எங்கள் ஊர் இல்லை. உள்ளே வேலைப் பட்டியலைத் திறந்தால், ஆறாவது வரியில் எங்கள் கண்மாயின் மடையைத் திரும்பக் கட்டுவதும் கலிங்கைப் பழுதுபார்ப்பதும் இருந்தன. ஊர்ப் பெயரில் இரண்டு எழுத்து மாறியிருந்தது. நூறு நாள் வேலைத் தளத்தில் தூர்வாரிய வேலைகளும் கிடைத்தன.

புரோகிராமர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. 'நல்' வேறு, பூஜ்யம் வேறு. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அங்கே மதிப்பு இல்லை என்றுதான் பொருள். மதிப்பு பூஜ்யம் என்று பொருள் இல்லை. ஆபீஸில் ஜூனியர் பையன்களுக்கு இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என் ஊர் விஷயம் என்று வந்ததும் மறந்துவிட்டேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அறிவிப்பு கிடைத்தால் மட்டும் வேலை நடந்தது என்று ஆகிவிடாது. அறிவிப்பு என்பது அரசு என்ன செய்ய நினைத்தது என்பதற்குச் சாட்சி. யாருக்குக் கொடுத்தார்கள் என்பது அடுத்த கட்டப் பதிவில் இருக்கும். உண்மையில் எத்தனை கன மீட்டர் மண் எடுத்தார்கள், எவ்வளவு கான்கிரீட் போட்டார்கள் என்பது பொறியாளர் அளந்து எழுதும் எம்-புக்கில் இருக்கும். அதைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும். போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன். மாமா காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொன்னது பொய் என்பது மட்டும் உறுதி.

குழுவில் திருத்தம் போட்டேன். முதல் பதிவைப் பத்துப் பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். திருத்தத்தை யாரும் அனுப்பவில்லை. மாமாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி விடு மாப்ள, பொங்கலுக்கு வர்றியா?" என்றார். போனேன். பெரியம்மா கரைக்குக் கூட்டிப் போய், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரைக்கும் அவர்கள் ஆட்கள் மண் போட்டார்கள் என்று நடந்தே காட்டினார். போனில் ஜி.பி.எஸ். புள்ளிகளைக் குறித்துக்கொண்டேன்.

இப்போது என் அட்டவணையில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: "எந்த வழியில் நடந்தது?" டெண்டர், நூறு நாள் வேலை, சங்கம், தெரியவில்லை என்று நான்கு பதில்கள். நான்காவதுதான் இன்னும் அதிகம். 2000-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட மாவட்ட டெண்டர் புல்லட்டின்கள் உங்கள் வீட்டுப் பரணிலோ ஊர் நூலகத்திலோ இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து படம் எடுத்துக்கொள்கிறேன்.