இணைத்தொற்று: குழந்தைகளின் கடும் வைரஸ் சுவாச நோய்

வைரஸால் மூச்சுக்குழாயும் நுரையீரலும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இன்னொரு வைரஸோ பாக்டீரியாவோ சேர்ந்து தொற்றுவது இணைத்தொற்று எனப்படும். வைரஸ்கள் பலவற்றை ஒரே சோதனையில் தேடும் பி.சி.ஆர். முறை வந்தபின், ஒரு குழந்தையிடம் இரண்டு மூன்று வைரஸ்கள் தெரிவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ரைனோவைரஸ் நலமான குழந்தையின் மூக்கிலும் இருக்கும். தென்பட்டதெல்லாம் நோய்க்குக் காரணம் ஆகாது.

உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் பாக்டீரியாவால்தான். இன்ஃபுளுயன்சா, ஆர்.எஸ்.வி. ஆகிய வைரஸ்கள் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களைச் சிதைக்கின்றன. குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றித் தங்கியிருந்த நிமோகாக்கஸ் பாக்டீரியா அப்போது நுரையீரலுக்குள் இறங்குகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் இறங்கினால் நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி, குழாய் போட்டு வடிக்க நேரலாம். 1918 இன்ஃபுளுயன்சா பெருந்தொற்றில் மாண்டவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது பாக்டீரியா நிமோனியாவே.

சென்னையிலும் வேலூரிலும் இன்ஃபுளுயன்சா உச்சம் அடைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். விருதுநகர் மாவட்டத்துக்கு மழை தருவதும் அதே பருவம். அம்மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகளில் தீபாவளிக்கு முந்தைய வேலை நெருக்கடியும் இதை ஒட்டியே வருகிறது. ஒரு நாள் விடுப்பு ஒரு நாள் கூலியைத் தின்னும் வீட்டில், காய்ச்சல் விட்டதும் தாய் வேலைக்குத் திரும்புவது இயல்பு. கவனிக்க வேண்டியதோ அதற்குப் பிறகுதான்: தேறிவந்த பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் அடித்து இளைப்பு கண்டால் இணைத்தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால் அது வேகமூச்சு. நெஞ்சு உள்வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வெறும் வைரஸ் காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது பயன் தராது; மருந்தை எதிர்க்கும் கிருமிகளையே பெருக்கும்.

தடுப்பூசியின் பங்கு வியப்புக்குரியது. தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் நடந்த ஆய்வின்படி (2004), பாக்டீரியாவுக்கான நிமோகாக்கல் தடுப்பூசி, வைரஸ் தொடர்புடைய நிமோனியாவால் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்வதையே 31 சதவீதம் குறைத்தது. இன்னொரு பாக்டீரியாவான ஹிப்பைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசியைத் தமிழ்நாடும் கேரளமும் 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கின. நிமோகாக்கல் தடுப்பூசி தமிழ்நாட்டின் இலவசத் திட்டத்தில் 2021 ஜூலையில் சேர்ந்தது. 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என மூன்று தவணை. கடைசித் தவணை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் அதே நாளில் போடப்படுகிறது.