கால் மணி நேரப் பாடம்



முதியோர் வகுப்பில் கற்பிக்கப் பயிற்சி பெறுகிறவர்களுக்கு ஒரு சோதனை வைப்பதுண்டு. உடன் பயில்பவர்கள் மாணவர்களாக அமர்ந்திருப்பார்கள். மதிப்பிட வந்தவர் ஓர் ஓரத்தில் இருந்து குறிப்பெடுப்பார். அவர்கள் முன்னே நின்று, ஒரு சிறு பாடத்தைக் கால் மணி நேரத்தில் தொடங்கி முடித்துக் காட்டவேண்டும். கேட்பதற்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் இந்தச் சிறிய பாடத்தின் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதில் சென்னைக்கும் பங்குண்டு. நம் ஜோகூர்த் தோட்டப்புறத்துக்கு அதில் படிப்பினையும் உண்டு.

1789-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அந்த முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். ஆசிரியர்கள் அதற்கு உடன்படவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற சுமார் எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். அச்சிறுவனும் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டான். 1797-இல் பெல் இதைப் புத்தகமாக எழுதி லண்டனில் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவியது. கொஞ்சம் கற்றவர் அதைக் கல்லாதவருக்குச் சொல்லித்தரலாம், ஆனால் பாடம் சிறிதாகவும் தெளிவாகவும் இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. ஜோகூர் அந்தக் கூட்டமைப்பில் சேராத மாநிலம். ஆயினும் இங்கும் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ, எழுத்தறிந்த தொழிலாளியோதான் தொடக்க கால ஆசிரியர். இவர்களில் எத்தனை பேருக்கு ஆசிரியப் பயிற்சி கிடைத்திருக்கும்?

இந்தச் சட்டம் பிள்ளைகளைப் பற்றிப் பேசியது. தாய் தகப்பனைப் பற்றிப் பேசவில்லை. விடியுமுன்னே பால்வெட்டுக்குப் போனவர்கள் சம்பள நாளில் கைநாட்டு வைத்தார்கள். 1924-இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’, 1935-இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ போன்ற ஏடுகளை லயத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். அறிவுப் பசி அன்றே இருந்தது. கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை.

எழுத்தறியாமையின் விலை பின்னர் இன்னும் கூடியது. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. முதல் ஓராண்டு சலுகைக்குப் பின், விண்ணப்பித்துக் குடியுரிமை பெற விரும்பியவர்களுக்கு மலாய்மொழியில் அடிப்படை அறிவு வேண்டியிருந்தது.  1969-இல், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. பல்லாயிரம் இந்தியர் நாட்டைவிட்டுப் போனார்கள். ஒரு பாரத்தைப் படித்துப் பார்க்க முடிவதும் முடியாமற் போவதும் குடும்பத்தின் பிழைப்பைத் தொடும் காரியமாயிற்று. அரசாங்கம் 1961-இல் முதியோர் கல்வி வகுப்புகளைத் தொடங்கியதன் அருமையை இந்நிலையில் வைத்துத்தான் உணரவேண்டும்.

ஆனால் முதியவருக்குக் கற்பிப்பது எப்படி? 1963-ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரண்டு இடங்களில் இக்கேள்விக்கு உதவும் விடைகள் பிறந்தன.

ஒன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே டுவைட் ஆலனும் அவருடைய துணைவர்களும் ‘நுண்ணிலைக் கற்பித்தல்’ என்ற பயிற்சியை வகுத்தார்கள். மாணவர் நாலைந்து பேர். நேரம் 5 முதல் 10 நிமிடம். பழகும் திறன் ஒன்றே ஒன்று. பாடம் முடிந்ததும் குறை நிறைகளைக் கேட்டு, திருத்தி, மறுபடியும் நடத்தவேண்டும். இந்தியாவில் இதையே 36 நிமிடச் சுற்றாக அமைத்தார்கள். கற்பிக்க 6, கருத்துக் கேட்க 6, திருத்தி அமைக்க 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி கருத்துக் கேட்க 6. இதில் திருத்துவதற்கே அதிக நேரம் தந்திருப்பதைக் கவனியுங்கள்.

மற்றொன்று பிரேசில் நாட்டின் அங்கிகோஸ் என்ற சிற்றூர். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு அந்நாட்டில் அப்போது வாக்குரிமை கிடையாது. பாவுலோ ஃபிரேயிரேயும் அவருடைய குழுவினரும் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுத்தறிவு தர முனைந்தார்கள். அரிச்சுவடியின் முதலெழுத்திலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. உழைப்பாளியின் வாழ்க்கையில் புழங்கும் சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசவைத்து, பிறகு அசை அசையாகப் பிரித்தார்கள். ‘செங்கல்’ அவர் எடுத்தாண்ட சொற்களில் ஒன்று. 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவரைச் சிறையில் அடைத்தது. எழுத்தின் வலிமைக்கு வேறு சான்று வேண்டுமா?

பின்னர் 1991-இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, கல்லுடைக்கும் பெண்களுக்கும் வயலில் உழைப்பவர்களுக்கும் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். 2013-இல் இங்கிலாந்தில் வந்த ஆசிரியத் தொடக்கப் பயிற்சியில், குறைந்தது 15 நிமிடம் பாடம் நடத்தி மதிப்பீடு பெறுவது கட்டாயமாயிற்று. மற்றவர் நடத்தும் பாடத்தைக் கவனிப்பதையும் பயிற்சியாகவே கணக்கிட்டார்கள்.

இவ்வளவையும் சேர்த்து, நம் தோட்டப்புறத்து இளைஞர் ஒருவர் தம் பாடத்தை எப்படித் தயாரிக்கலாம்? ‘பால்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளட்டும். “பாடம் முடியும்போது ஒவ்வொருவரும் இச்சொல்லைப் படித்து, தம் கையால் எழுதவேண்டும்” என்று பாடக்குறிப்பின் தலைப்பிலேயே எழுதிவைக்கட்டும். முதல் 2 நிமிடம், மங்கில் வடியும் பாலைப் பற்றிய பேச்சு. அடுத்த 4 நிமிடம், பலகையில் எழுதிப் படித்தல். அதன்பின் 6 நிமிடம், அவரவர் எழுதிப் பார்த்தல். இதுவே பாடத்தின் உயிர். இங்கே ஆசிரியர் பேச்சைக் குறைக்கவேண்டும். கடைசி 3 நிமிடம், பலகையைத் துடைத்துவிட்டு ஒவ்வொருவரையும் எழுதிக் காட்டச் சொல்லுதல். கால் மணி ஆயிற்று. ‘கால்’, ‘வால்’ எல்லாம் நாளைக்கு இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட நினைப்பவரின் பாடம் பாதியிலேயே நின்றுவிடும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவத் தெரிந்த கைக்குப் பென்சில் பெரிய பாரமா? அந்தக் கை கூசுவது எழுத்துக்கு அல்ல, பிறர் சிரிப்புக்குத்தான். ஆகவே அக்கா, ஐயா என்று மரியாதையோடு அழையுங்கள். பிழையைப் பலர் அறியச் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய், மெதுவாகத் திருத்துங்கள்.

மதிப்பீட்டாளர் தாளில் போடும் மதிப்பெண் பயிற்சிக்கு உதவும். ஆனால் வேலை முடிந்து களைத்த உடம்போடு வந்த பெரியவர், மறுநாள் மாலையும் வகுப்புக்கு வருகிறாரா என்பதே பெரிய மதிப்பெண். அவர் வந்தால் நம் பாடம் தேறிவிட்டது.