256 புள்ளிகளுக்குள் ஒரு முத்திரை: ஃபேவிகான் கோளாறுகளின் பூர்வீகம்

இணையதளம் ஒன்றைத் திறந்தவுடன், உலாவியின் மேல்விளிம்பில் தளத்தின் பெயருக்கு இடப்புறமாக மிகச் சிறிய படம் ஒன்று தோன்றுகிறது. ஃபேவிகான் என்பது அதன் பெயர். விருப்பப் பட்டியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் படச்சின்னத்தைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டி உண்டாக்கிய பெயர் அது. ஒழுங்காகத் தெரியும்வரை அதை எவரும் பொருட்படுத்துவதில்லை. தெரியாமல் போகும்போதுதான் அதன் இருப்பே நமக்கு உறைக்கிறது.

தளம் நடத்துகிற எவருக்கும் அதன் கோளாறுகள் பழக்கமானவை. புதிய படத்தை ஏற்றிய பின்னும் பழைய படமே விடாமல் நிற்கும். ஓர் உலாவியில் அழகாகத் தெரிவது மற்றோர் உலாவியில் வெறும் உலக உருண்டையாகக் காட்சியளிக்கும். பின்னணி தெரிய ஊடுருவலாக விட்ட இடம் கருஞ்சதுரமாக வந்து நிற்கும். நாம் வைக்கவே வைக்காத ஒரு கோப்பை யாரோ ஓயாமல் கேட்டதாகவும், அது இல்லை என்று 404 எண்ணோடு பதில் அனுப்பியதாகவும் வழங்கியின் பதிவேடு சொல்லும்.

இவற்றுக்கான கைமருந்துகள் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் இத்தனை சிறிய படத்துக்கு ஏன் இத்தனை தொல்லை என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை. விடை வரலாற்றில் இருக்கிறது. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை நம் கவனக்குறைவால் வருபவை அல்ல. எவரோ எப்போதோ எடுத்த ஒரு முடிவின் எச்சங்கள். அந்த முடிவுகளை அறிந்துகொண்டால் கோளாறைத் தீர்ப்பதும் எளிதாகிறது. இணையம் என்னும் பொதுவெளி எவ்வாறு கட்டப்பட்டது என்பதும் சற்றுப் புலனாகிறது.

*

சிறிய முத்திரையால் தன்னை அறிவித்துக்கொள்ளும் வழக்கம் கணினிக்கு மிக முந்தியது. அதை நமக்குப் பழக்கியவை புத்தகங்கள்தாம். வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனுட்டியஸ் 1502 முதல் தம் நூல்களில் நங்கூரத்தைச் சுற்றிய டால்ஃபினை முத்திரையாகப் பொறித்தார். செம்மையான பதிப்பு என்பதற்கு அந்த முத்திரையே சான்றாயிற்று. மதிப்பு வந்த மறுகணமே போலியும் வந்தது. பிரான்சின் லியோன் நகர அச்சகத்தார் அவர் நூல்களைக் கள்ளப்பதிப்பாக வெளியிட்டனர். 1503ஆம் ஆண்டில் ஆல்டஸ் ஓர் எச்சரிக்கை அறிக்கையே அச்சிட்டு, அவற்றிலிருந்த பிழைகளைச் சுட்டிக்காட்ட நேர்ந்தது. அவர் மறைந்த பின், 1518இல் அந்த அச்சகம் வெளியிட்ட லிவியின் வரலாற்று நூலின் முன்னுரையில் இன்னொரு புகார் காணப்படுகிறது. ஃப்ளோரன்ஸ் நகர அச்சகத்தார் முத்திரையையே திருடிவிட்டனர். ஆனால் அவர்களுடைய டால்ஃபினின் தலை இடப்புறம் திரும்பியிருக்கிறது, எங்களுடையது வலப்புறம் நோக்குவது என்பது அதன் சாரம்.

முத்திரை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அதை நம்புவது எளிது, போலி செய்வதும் எளிது. இந்த உண்மையை ஃபேவிகானின் கதையிலும் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

*

கணினித் திரையின் படச்சின்னத்துக்கு முகம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சூசன் கேர். 1983இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த அவர், கட்டம் போட்ட தாளில் கட்டங்களை நிரப்பி நிரப்பி மெக்கின்டாஷ் கணினிக்கான சின்னங்களை வரைந்தார். பக்கத்துக்கு 32 கட்டங்கள், கறுப்பும் வெள்ளையும் மட்டும். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் முதல் பதிப்பு 1985 நவம்பரில் வந்தபோது அதற்கும் சின்னங்கள் தேவைப்பட்டன. அவற்றைச் சேமிக்க எழுந்ததே ஐசிஓ என்னும் கோப்பு வடிவம்.

இந்த வடிவத்தின் அமைப்பை அறிவது நமக்குப் பயன்படும். ஐசிஓ என்பது ஒரு படமன்று; பல படங்களை வைக்கும் பெட்டி. முதல் 6 பைட்டுகளில் இது சின்னக் கோப்பு என்ற அடையாளமும் உள்ளிருக்கும் படங்களின் எண்ணிக்கையும் இருக்கும். அடுத்து ஒவ்வொரு படத்துக்கும் 16 பைட்டுகள் கொண்ட ஒரு பட்டியல் வரி: அகலம், உயரம், வண்ணங்கள், அந்தப் படம் கோப்பில் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு. அதன் பின்னரே படங்கள். அகலத்தைக் குறிக்க ஒரே ஒரு பைட்டுதான் உண்டு என்பதால் 255க்கு மேல் எழுத இயலாது. பிற்காலத்தில் 256 தேவைப்பட்டபோது சுழியத்தையே 256 என்று கொள்ளும் வழக்கம் வந்தது.

பழைய முறையில் ஒவ்வொரு படமும் இரண்டு அடுக்காக இருந்தது. ஒன்று வண்ணம்; மற்றொன்று எந்தப் புள்ளி தெரிய வேண்டும், எது ஊடுருவ வேண்டும் என்று சொல்லும் முகமூடி. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, புள்ளிதோறும் ஊடுருவலின் அளவைக் குறிக்கும் 32 பிட் சின்னங்களை ஏற்றது. புதிய முறையில் செய்த படத்தைப் பழைய மென்பொருளிடம் கொடுத்தால் அது அந்த அளவைப் படிக்கத் தெரியாமல் விழிக்கும். கருஞ்சதுரத்தின் பூர்வீகம் இதுதான்.

*

இனி 1999க்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் மாதம் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் 5ஆம் பதிப்பை வெளியிட்டது. பயனர் ஒரு பக்கத்தை விருப்பப் பட்டியலில் சேர்த்தவுடன், அந்த உலாவி தளத்தின் வேர் அடைவுக்குச் சென்று ‘ஃபேவிகான்.ஐசிஓ’ என்ற பெயரில் ஏதேனும் கோப்பு உண்டா என்று கேட்டது. இருந்தால் பட்டியலில் அந்தப் படத்தைக் காட்டியது. இல்லையென்றால் தன் வழக்கமான சின்னத்தோடு நின்றுகொண்டது. தளம் நடத்துவோர் எதையும் எழுத வேண்டியதில்லை, கோப்பை வைத்தால் போதும். இந்த எளிமையே அதன் வெற்றிக்குக் காரணம். தொல்லைக்கும் அதுவே காரணம்.

இதில் மூன்று முடிவுகள் அடங்கியிருந்தன. கோப்பின் பெயரை உலாவி தீர்மானித்தது. அது இருக்க வேண்டிய இடத்தையும் உலாவியே தீர்மானித்தது. வடிவமோ விண்டோஸின் சொந்த வடிவம். உலகிலுள்ள அத்தனை தளங்களுக்கும் பொருந்தும் இம்மூன்றும் எந்தப் பொதுச் சபையிலும் பேசி முடிவானவை அல்ல. விளைவுகள் உடனே தெரிந்தன. கேட்காத தளங்களின் பதிவேடுகளில் 404 வரிகள் குவிந்தன. விருப்பப் பட்டியலில் சேர்க்கும்போது மட்டுமே இக்கோரிக்கை எழுந்ததால், தம் தளத்தை எத்தனை பேர் குறித்து வைத்தனர் என்று தள உரிமையாளர்கள் எண்ணிப் பார்க்கவும் முடிந்தது. வாசகர் தம் வீட்டில் செய்யும் அந்தரங்கமான செயல், அவர் அறியாமலே மறுமுனைக்குத் தெரிந்தது.

இன்னொரு அநீதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்நாளில் சொந்த முகவரி வாங்க இயலாதோர் பலர் ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் குடியிருந்தனர். தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் சிலவும் அங்கே இருந்தன. அவர்களுடைய முகவரி பெரிய தளத்தின் உள்ளே ஓர் அடைவு மட்டுமே. வேர் அடைவில் கோப்பு வைக்கும் உரிமை வீட்டுக்காரருக்கே உண்டு. வாடகைக்குக் குடியிருப்பவர் வாசலில் தம் பெயர்ப்பலகையை மாட்ட இயலாத நிலைதான் அது.

இதற்கு மாற்றுவழி ஒன்று இருந்தது. பக்கத்தின் தலைப்பகுதியிலேயே ‘லிங்க்’ என்னும் குறிச்சொல்லை எழுதி, என் சின்னம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று அறிவித்துவிடலாம். குடியிருப்பவரின் உரிமையை மீட்டுத் தந்த வழி இது. ஆனால் இங்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு முடிச்சுப் போட்டது. உறவைக் குறிக்கும் இடத்தில் ‘ஷார்ட்கட் ஐகான்’ என்று இரண்டு சொற்களை எழுதச் சொன்னது. ஹெச்டிஎம்எல் இலக்கணப்படி இடைவெளி விட்டு எழுதினால் அவை இரண்டு தனித்தனி உறவுகள். மற்ற உலாவிகள் ‘ஐகான்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு முதற்சொல்லைத் தள்ளிவிட்டன. பழைய எக்ஸ்புளோரருக்கோ இரண்டும் சேர்ந்தே வேண்டும். இன்றைய ஹெச்டிஎம்எல் தரநிலையும் வரலாற்றுக் காரணத்துக்காக என்று சொல்லி அந்தப் பொருளற்ற முதற்சொல்லை அனுமதிக்கிறது.

*

2003இல் வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ இந்தப் போக்கைப் பற்றிய கேள்வியை வலைக் கூட்டமைப்பின் கட்டமைப்புக் குழுவில் எழுப்பினார். தேடுபொறிகளுக்கான ‘ரோபோட்ஸ்’ கோப்பு, இப்போது ஃபேவிகான் என்று ஒவ்வொருவரும் பிறர் தளத்தில் ஒரு பெயரைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டே போனால், தளத்தின் உள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தள உரிமையாளரிடம் எஞ்சுமா? கேள்வியின் பொருள் இதுதான். நீண்ட விவாதத்தின் பின், 2010இல் 5785 என்ற எண்ணுள்ள ஆவணம் ‘வெல்-நோன்’ என்னும் ஒரே அடைவை இத்தகைய பொதுத் தேவைகளுக்கென ஒதுக்கியது. இனி எவரும் வீடு முழுதும் உரிமை கொண்டாட வேண்டாம், இந்த ஒரு திண்ணையில் அமருங்கள் என்பது அதன் ஏற்பாடு. ஆனால் ஃபேவிகான் அதற்குள் வேரூன்றிவிட்டது. அதைப் பெயர்க்க முடியவில்லை. இடையில் 2008இல் ஐபோனின் முகப்புத் திரையில் தளங்களைச் சேர்க்கும் வசதியைத் தந்த ஆப்பிளும், ‘ஆப்பிள்-டச்-ஐகான்’ என்ற பெயரை வேர் அடைவில் தேடி அதே வழக்கத்தைத் தொடர்ந்தது.

வடிவப் பூசலும் இதே போன்றதுதான். 1994 இறுதியில் ஜிஃப் வடிவத்துக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கப்பட்டபோது, எவருக்கும் சொந்தமில்லாத பிஎன்ஜி வடிவம் உருவாகி 1996இல் வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. மற்ற உலாவிகள் அதை ஃபேவிகானாக ஏற்றபோதும், எக்ஸ்புளோரர் 2013இல் வந்த 11ஆம் பதிப்பில்தான் ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் பலர் பிஎன்ஜி கோப்பின் பின்னொட்டை மட்டும் ஐசிஓ என்று மாற்றி ஏமாந்தனர். பெயரை மாற்றினால் உள்ளடக்கம் மாறாது. எக்ஸ்புளோரர் அந்த 6 பைட்டுகளைத் தேடிக் காணாமல் படத்தைத் தள்ளிவிட்டது. வேறு உலாவிகள் உள்ளே இருப்பதை முகர்ந்தறிந்து காட்டின. ஓரிடத்தில் தெரிந்து மற்றோரிடத்தில் தெரியாமற்போன மர்மங்களில் பல இவ்வகையினவே.

*

பழைய படம் விடாமல் நிற்பதற்கு வருவோம். ஃபேவிகான் அடிக்கடி மாறாது என்ற எண்ணத்தில் உலாவிகள் அதைத் தனிப் பெட்டகத்தில் சேமிக்கின்றன. தற்காலிகக் கோப்புகளை அழித்தாலும் பல வேளைகளில் அந்தப் பெட்டகம் அழிவதில்லை. புதுப் படம் ஏற்றியவர் எத்தனை முறை பக்கத்தைப் புதுப்பித்தாலும் பழையதையே காண்பது இதனால்தான்.

இது தொல்லை மட்டுமன்று, ஆபத்தும்கூட. 2021இல் சிகாகோவிலுள்ள இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை மெய்ப்பித்தனர். ஒரு தளம் தன் உள்முகவரிகள் பலவற்றுக்குத் தனித்தனி ஃபேவிகான்களை அறிவிக்கிறது. அவற்றுள் எவை உலாவியின் பெட்டகத்தில் ஏற்கெனவே உள்ளன, எவற்றைப் புதிதாகக் கேட்கிறது என்ற வரிசையே அந்த உலாவிக்கு ஓர் எண்ணாகிவிடுகிறது. குக்கீகளை அழித்தாலும், மறைநிலைச் சாளரத்தில் வந்தாலும் அந்த எண் காட்டிக்கொடுத்தது. பழைய படம் மறையாமல் நிற்கும் கோளாறும் வாசகரைப் பின்தொடரும் வழியும் ஒரே குணத்தின் இரு முகங்கள்.

வெனிஸ் நகரத்துப் போலி முத்திரையும் திரும்ப வந்தது. 2009இல் மாக்சி மார்லின்ஸ்பைக் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், பாதுகாப்பான தொடர்பை இடைமறித்துச் சாதாரணத் தொடர்பாக மாற்றும் தம் கருவியை ஒரு மாநாட்டில் காட்டினார். அதில் அவர் செய்த தந்திரம், ஃபேவிகானாக ஒரு பூட்டின் படத்தை வைத்தது. முகவரிப் பட்டையில் பூட்டைக் கண்டவர் பாதுகாப்பு உண்டென்று நம்பினார். 2012இல் ஃபயர்பாக்ஸின் 14ஆம் பதிப்பு முகவரிப் பட்டையிலிருந்து ஃபேவிகானை நீக்கியது. தளம் தானே தரும் படத்தை, உலாவி சான்றளிக்கும் இடத்தில் வைக்கலாகாது என்ற பாடம் அன்று ஏற்கப்பட்டது. ஆல்டஸின் வாசகருக்கு டால்ஃபினின் தலை எப்பக்கம் என்று சொல்ல முடிந்தது. 256 புள்ளிப் பூட்டில் அப்படிச் சொல்ல எதுவுமில்லை.

*

இவ்வளவும் அறிந்த பின் நாம் செய்ய வேண்டியது சிறிதே. 16, 32, 48 புள்ளி அளவுகளை உள்ளடக்கிய உண்மையான ஐசிஓ கோப்பு ஒன்றை வேர் அடைவில் வைப்போம். 404 வரிகள் நிற்கும். பிஎன்ஜி அல்லது எஸ்விஜி படத்தை லிங்க் குறிச்சொல்லால் அறிவிப்போம். படத்தை மாற்றும்போது அதன் முகவரியின் முடிவில் கேள்விக்குறியிட்டு ஒரு எண்ணைச் சேர்ப்போம். முகவரி புதிதென்பதால் உலாவி புதிதாகக் கேட்கும். தெரியவில்லையென்றால் முதலில் அந்தக் கோப்பின் முகவரியை நேரடியாகத் திறந்து பார்ப்போம். கோளாறு வழங்கியிலா உலாவியிலா என்பது அங்கேயே பிரிந்துவிடும். பெரிய படத்தைச் சுருக்குவதைக் காட்டிலும் 16 கட்டத்துக்கென்றே தனியாக வரைவது நல்லது. சூசன் கேரின் கட்டத்தாள் இன்றும் பழையதாகிவிடவில்லை.

2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஓய்வு கொடுத்தது. ஆயினும் லிங்க் அறிவிப்பு இல்லாத தளத்தை இன்று எவர் திறந்தாலும், உலாவி வேர் அடைவுக்குச் சென்று ‘ஃபேவிகான்.ஐசிஓ’ உண்டா என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை முதலில் கேட்ட மென்பொருள் போய்விட்டது. பதில் சொல்லும் கடமை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.